தபால் வந்தா பந்து நிக்கும்

ரொம்ப காலத்துக்கு முன்ன, தேரி மண்ணு செவசெவன்னு பறக்கிற ஆலந்தேரின்னு ஒரு ஊரு. எங்கயோ இருக்கிற ஊரு இல்ல, வெளியூர்ல இருந்து ஆட வந்த நீங்க இனி ஆட மாட்டோம்னு கிரவுண்ட விட்டு வெளிய வந்து மொகத்தத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கியளே, இதே ஊருதான். கோலுக்கு அடிக்கப் போற நேரத்துல விசில் ஊதிட்டாவன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிய. ஒங்களுக்கு முன்ன குதிச்ச டீமு எத்தன தெரியுமா. எல்லாவனும் குதிச்சிட்டுத்தான் போயிருக்கான். விசில் மட்டும் நிக்கல. ஏன் நிக்கலன்னு சொல்லுதேன், பூட்ஸக் கழத்திட்டுக் கேளுங்க. நடுவுல வாயத் தொறந்தா எனக்குக் கோவம் வரும்.

அந்தக் காலத்துல இங்கன ஒரு கல்லூரி வந்திச்சு. கல்லூரின்னா என்ன, நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு மணி, சுத்தி ஒடமரம். அதுக்கு விளையாட்டு வாத்தியாரா வந்து சேந்தவரு கோயில்பிள்ளை சாரு. ஒல்லி ஒடம்பு, நீள மூக்கு, கழுத்துல கறுப்புக் கயித்துல ஒரு பித்தள விசிலு. அந்த விசில அவரு கழத்திப் பாத்தவன் கெடையாதுன்னு சொல்லுவாவ. கலியாணத்தன்னைக்கு மாலைக்கு உள்ளயும் அது தொங்கிச்சாம். வந்த மொத நாளே பிரின்சிபாலு அவரக் கூப்பிட்டு, காலையில பிள்ளையளுக்குக் கையக் கால நீட்டி மடக்கச் சொல்லிக் குடுத்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னாராம். இவரு சரின்னு தலைய ஆட்டிட்டு வெளிய வந்து, இந்த மணலப் பாத்துட்டே ரொம்ப நேரம் நின்னாராம். கணுக்கால் பொதையிற மணலு. இதுல ஓடிப் பழகுனவன் புல்லுத்தரையில பறப்பான்னு அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

பசங்களுக்குக் கொறச்சலே இல்ல. அந்தா நாலு மைல்ல கடல். கீழத்துறைக்காரப் பயலுவ. வள்ளம் தள்ளித் தள்ளித் தொடையெல்லாம் உலக்கை கணக்கா இருக்கும். பந்தக் கண்டா சோறு வேண்டாம் அவனுவளுக்கு. கோயில்பிள்ளை அந்தப் பயலுவளச் சேத்து ஒரு டீமு கட்டுனாரு. கட்டிட்டு ஒண்ணே ஒண்ணுக்கு ஆசப்பட்டாரு. அப்பல்லாம் கல்லூரிகளுக்கு நடுவுல சங்குக் கோப்பைன்னு ஒண்ணு இருந்திச்சு. உச்சியில ஒரு வெள்ளிச் சங்கு வச்சிருக்கும். அதை ஒரு தடவ இந்த ஊருக்குக் கொண்டு வரணும். ஒரே ஒரு தடவ. வேற ஒண்ணும் கேக்கல அந்த மனுசன்.

நடக்கணுமே. பந்து கேட்டா போன வருசத்துப் பந்து என்னாச்சும்பாவ. வலை கேட்டா மீன்காரப் பயலுவதானே, அவனுவ வீட்டுல இல்லாத வலையா அப்படிம்பாவ. நடு மத்தியானம் பைனல வச்சுக்கிட்டுக் காலையில கணக்குப் பரிச்சை வப்பாவ. ஒரு வருசம் கோல் கம்பத்துல ஒண்ண யாரோ கல்லூரிக் கொட்டாய்க்கு முட்டுக் குடுக்கக் கொண்டு போயிட்டாவ. கோயில்பிள்ளை ஆபீசு ரூமுக்கும் கிரவுண்டுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். ஆனாலும் இதெல்லாம் கூட அவரு தாங்கிக்கிட்டாரு. தாங்க முடியாதது ஒண்ணு இருந்திச்சு, அதை அவரே உண்டாக்கினாரு.

எப்படின்னா, அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆபீசுக்கெல்லாம் சொந்தமா பந்து டீமு உண்டு. நல்லா ஆடுறவனுக்கு அங்க வேல குடுப்பாவ. பேப்பர்ல விளம்பரம் வரும். கீழத்துறைப் பயலுவளுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது, அப்பன்மாரு கடலுக்குப் போயிருவான், ஆத்தாமாரு மீன் கூடையோட சந்தைக்குப் போயிருவா, வீட்டுக்குக் கதவிலக்கம் கெடையாது. அதனால கோயில்பிள்ளையே குண்டு குண்டுக் கையெழுத்துல விண்ணப்பம் எழுதுவாரு. பதில் வாற விலாசமும் அவரு விலாசந்தான். இன்னார், மேற்பார்வை கோயில்பிள்ளை, ஆலந்தேரி கல்லூரி. தபால்காரரு ஆவுடையப்பன், செவப்பு சைக்கிள்ல சாயந்திரம் நாலு மணிக்கு வந்து அவரு கையில குடுத்துட்டுப் போவாரு. வேல கெடச்சவன் அன்னைக்கே கல்லூரிப் பேர வெட்டிட்டு ரயிலேறணும். பெறவு அவன் கல்லூரிக்கு ஆடக் கூடாது, அது சட்டம்.

ஆச்சா. இனிக் கூத்தக் கேளுங்க. வருசம் பூரா ஒருத்தனப் பாடுபட்டு ஆட்டக்காரனாக்குவாரு. டீமு ஜெயிச்சு ஜெயிச்சு பைனலுக்குப் போவும். பைனலுக்கு நாலு நாளைக்கு முன்ன ஆவுடையப்பன் மணியடிச்சிட்டு வந்து நிப்பாரு. தபால் வந்திச்சு, ஆள் போனான், கோப்பை போச்சு. அடுத்து மூணு வருசம் கழிச்சு இன்னொரு பைனலு. கோல்கீப்பருக்கு வேல உத்தரவு. தபால் வந்திச்சு, ஆள் போனான், கோப்பை போச்சு. ஒரு வருசம் ஒரே தபால்ல ரெண்டு பேருக்கு வந்திச்சு. அன்னைக்கு அவரு வீட்டுக்குப் போயித் தலையில அடிச்சிக்கிட்டாராம். அவரு வீட்டம்மா, "நீங்களே எழுதிப் போடுதிய, நீங்களே பொலம்புதிய"ன்னு சொல்லிட்டுச் சோத்தப் போட்டாவளாம். அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு.

சரி, எழுதாம இருந்துரலாம்ல. இருக்க முடியல அவரால. ஏன்னா வேல கெடச்சவன் ரெண்டு வருசத்துல கீழத்துறையில ஓலையப் பிரிச்சிட்டு ஓட்டு வீடு கட்டிருவான். அந்த வீட்டுக்குப் பேரு பந்து வீடு. மொத பந்து வீடு, ரெண்டாவது பந்து வீடுன்னு துறையில எண்ணி வச்சிருந்தாவ. ஞாயித்துக்கெழம கோயில்பிள்ளை அந்தப் பக்கம் போனா, பந்து வீட்டுப் பொம்பளையாளுவ வாசலுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லுவாவ. குடிப்பாரு. சந்தோசந்தான். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மட்டும் அந்தக் கோப்பை ஞாபகம் வந்திரும். இப்படியே இருவத்தொம்பது வருசம். ஆறு பைனலு, ஆறு தோல்வி, பதினோரு பந்து வீடு. மத்த ஊரு வாத்தியாருமாரு அவரக் கண்டா, என்ன சார், இந்த வருசம் தபால் வந்தாச்சான்னு கேட்டுச் சிரிப்பானுவளாம். ரிட்டயராக ரெண்டே வருசம் பாக்கி.

அந்த வருசந்தான் இன்னாசி வந்தான். இன்னாசி மச்சாது. மச்சாதுங்கிறது குடும்பப் பேரு. கீழத்துறை கித்தேரியம்மா மகன். அப்பன் வள்ளம் தள்ளும்போது இடுப்பு ஒடிஞ்சு பாயோட கெடந்தான், அதனால இவன் இடையில படிப்ப விட்டுட்டு மூணு வருசம் கடலுக்குப் போயிட்டு, பெறவு லேட்டா வந்து சேந்த பய. பேச மாட்டான். பந்து காலுல பட்டா பேசும்னு சொல்லுவாவ. அவனப் போல ஒருத்தன் அதுக்கு முன்னயும் இந்த மணல்ல ஆடல, பின்னயும் ஆடல. கோயில்பிள்ளை அவனப் பாத்துட்டு, இவன வச்சு ஜெயிக்கலன்னா நான் விசிலக் கழத்திக் கடல்ல போட்டுருதேன்னு சொன்னாராம். சொன்ன கையோட மெட்ராசு ஆபீசு ஒண்ணுக்கு விண்ணப்பமும் எழுதிப் போட்டாரு. அந்த வேலைக்கு அவனுக்கு வயசு வரம்பு முடிய அப்ப ஆறு மாசந்தான் இருந்திச்சு, அதான்.

டீமு பைனலுக்கு வந்திச்சு. திருநெல்வேலியில, சனிக்கெழம சாயந்திரம். வெள்ளிக்கெழம நாலு மணிக்கு ஆவுடையப்பன் மணியடிச்சிட்டு வந்தாரு.

ரிஜிஸ்தர் தபாலு. இன்னாசி மச்சாது, மேற்பார்வை கோயில்பிள்ளை. ஆவுடையப்பனுக்குப் பல்லெல்லாம் தெரியுது. உத்தரவுதான் சார், நான் வேணும்னா கீழத்துறைக்கே கொண்டு போயி அந்த அம்மா கையில குடுத்துட்டு வந்துருதேன்னாரு. வேண்டாம், நான் குடுத்துக்கிடுதேன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாரு இவரு. பிரிச்சுப் பாத்தாரு. திங்கக்கெழம சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள வந்து வேலயில சேரணும். மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சுப் பாத்தாரு. நாளைக்கு சாயந்திரம் ஆட்டம். ஆட்டம் முடிஞ்சதும் பையன் கையில கடுதாசியக் குடுத்து ஞாயித்துக்கெழம ரயிலேத்துனா, திங்கக்கெழம காலையில மெட்ராசு. நெறைய நேரம் இருக்கு. ஒருத்தனுக்கும் நட்டமில்ல. ஒரே ஒரு நாளு. இருவத்தொம்பது வருசத்துக்கு ஒரு நாளு கேக்கக் கூடாதா நான். இப்படி நெனச்சுக்கிட்டு அந்தக் கடுதாசியப் பந்துப் பையில, காத்தடிக்கிற பம்புக்கு அடியில வச்சுட்டாரு.

சனிக்கெழம மத்தியானம் ரெண்டு டீமும் திருநெல்வேலியில தயாரா நிக்கி. பயலுவ பூட்ஸ் கட்டியாச்சு. கோடு போட்டாச்சு. அப்ப ஒரு ஆளு வந்து, கோப்பை குடுக்க வாற பெரிய மனுசருக்கு இன்னைக்கு வசதிப்படலையாம், ஆட்டத்தச் செவ்வாக்கெழமைக்கு மாத்திட்டோம்னு சொல்லிட்டுப் போறான். நல்லா இருப்பானுவளா. பந்து ஆடுறதுக்குப் பயலுவ வேணுமா, சால்வ போத்திக்க ஒருத்தன் வேணுமா. கோயில்பிள்ளை அந்த ஆளு பின்னாலயே ஓடிக் கெஞ்சுனாரு, சண்ட போட்டாரு, ஒண்ணும் நடக்கல. டீமு அங்கனயே ஒரு பள்ளிக்கூட ரூம்ல தங்கிச்சு. செவ்வாக்கெழம வரைக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தெரு தள்ளி ரயில்வே ஸ்டேசன். தெனம் சாயந்திரம் மெட்ராசு ரயிலு கூவிட்டுப் போவும், ரூம்ல இருந்தா நல்லாக் கேக்கும். சனிக்கெழம கூவிச்சு. அவரு கை பந்துப் பைக்குள்ள போச்சு, கடுதாசியத் தொட்டுச்சு, வெளிய வந்திருச்சு. நாளைக்கும் ரயிலு உண்டுல்லா. ஞாயித்துக்கெழம வந்திச்சு. அதுதான் கடைசி ரயிலு. அன்னைக்கு சாயந்திரம் இன்னாசி அவரு பக்கத்துல உக்காந்து முட்டியில எண்ண தடவிக்கிட்டு இருந்தான். பேசாத பய, அன்னைக்குன்னு பாத்து வாயத் தொறந்தான்.

"சார், மெட்ராசு உத்தரவு இன்னும் வரலியே. வேற ஆள எடுத்துட்டாவளோ?"

கோயில்பிள்ளை பந்துப் பைய மடியில வச்சுட்டு உக்காந்திருக்காரு. அவரு என்ன சொல்லியிருக்கணும்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வரும்ல. வரும்"னாரு.

ரயிலு கூவிட்டுப் போயிருச்சு.

திங்கக்கெழம பூரா அவரு சோறு திங்கல. ஆபீசுன்னா நெளிவு சுழிவு இல்லாமலா இருக்கும், ஒரு நாள் பிந்துனா தல போயிருமா, நானே கூடப் போயி எடுத்துச் சொன்னா கேப்பாவன்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு எங்கயோ மணியடிச்சிது. அப்ப எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவுனாராம்.

செவ்வாக்கெழம பைனலு. ஒண்ணுக்கு சைபர். அந்த ஒரு கோல அடிச்சவன் இன்னாசி. வலது பக்கத்துல இருந்து கார்னர் வந்திச்சு, மூணு பேரு அவன அமுக்கிட்டு நிக்கான், அந்த நெரிசல்லயும் எந்திரிச்சு நெத்தியால முட்டுனான் பாருங்க, வலை பின்னால உப்பிப் போச்சு. இருவத்தொம்பது வருசத்துக்குப் பெறவு தபால் வந்திச்சு, ஆள் போகல, கோப்பை வந்திச்சு. பயலுவ அவரத் தூக்கித் தோளுல வச்சு ஆடுதான். அவரு எறக்கி விடுங்கலேன்னு அவனுவ தலையத் தட்டுதாரு.

எறங்குனதும் பந்துப் பையத் தொறந்து கடுதாசிய எடுத்து இன்னாசி கையில குடுத்தாரு. அவன் படிச்சான். தேதியப் பாத்தான். திரும்பவும் படிச்சான்.

"எப்ப சார் வந்திச்சு?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழமயா"ன்னான். அம்புட்டுத்தான். போட்டிருந்த பனியனக் கழத்தி, நாலா மடிச்சு, அந்தக் கோப்பை மேல வச்சான். ஏசியிருந்தா அவருக்கு நிம்மதியா இருந்திருக்கும். பாவிப்பய ஒரு வார்த்த ஏசல.

அன்னைக்கு ரயிலுக்கே ரெண்டு பேரும் மெட்ராசு போனாவ. போயி என்ன. திங்கக்கெழம அஞ்சு மணி வரைக்கும் லிஸ்ட்டுல அடுத்த பையன் வாசல்லயே காத்துக்கிட்டு நின்னானாம். அஞ்சு அடிச்சதும் அவன்ட்ட கையெழுத்து வாங்கிட்டாவ. அவனும் ஏதோ ஒரு ஊரு ஏழை வீட்டுப் பயதான். அவனப் போயி எந்திரின்னு சொல்ல முடியுமா. இன்னாசி மறுநாளே ஊருக்குத் திரும்பிட்டான். கோயில்பிள்ளை மட்டும் அந்த ஆபீசு வராந்தாவுல ஒம்பது நாளு உக்காந்திருந்தாராம். வாற போற அதிகாரியளையெல்லாம் எந்திரிச்சுக் கும்பிட்டாராம். தப்பு என்னோடது, பையன் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்தாராம். வாங்கி வச்சுக்கிட்டாவ. அதுக்குள்ள அந்த ஆறு மாசமும் ஓடி, பையனுக்கு வயசு வரம்பும் முடிஞ்சு போச்சு.

திரும்பி வந்தவரு நேரா கோப்பையத் தூக்கிக்கிட்டுக் கீழத்துறைக்குப் போனாரு. இது ஒம்மகன் ஜெயிச்சது, ஒரு வருசம் ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லத்தான் போனாரு. வேற என்ன செய்யன்னு அவருக்குத் தெரியல. கித்தேரியம்மா வலையில கருவாடு ஒணத்திக்கிட்டு இருந்தாவ. எந்திரிச்சு, கையத் தொடச்சிட்டு, கோப்பைய வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தாவ. உள்ள கைய விட்டுப் பாத்தாவ.

"இதுல எத்தன படி அரிசி கொள்ளும் சார்?"னு கேட்டாவ.

கிண்டலாக் கேட்டாவளா, கோவத்துல கேட்டாவளான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. மொகத்துல ஒண்ணும் இல்லையாம். கோயில்பிள்ளை கோப்பைய வாங்கிக்கிட்டுத் திரும்பி நடந்தாரு. பதினோரு பந்து வீட்டையும் தாண்டித்தான் வரணும். அன்னைக்கு எந்த வீட்டுலயும் யாரும் வாசலுக்கு வரல. அந்த வருசம் பூரா கோப்பை ஆபீசு ரூம்ல ஒரு சாக்குக்குள்ள கெடந்துச்சு. மாலை போட்டுப் படம் எடுக்கணும்னு பிரின்சிபாலு கேட்டாரு. இருவத்தொம்பது வருசமா ஒரு பந்து குடுக்க மூக்கால அழுத மனுசன். இவரு சாக்க அவுக்க விடல.

அடுத்து ஆவுடையப்பன். அந்த ஆளுக்கும் ரோசம் உண்டுல்லா. கதை தெரிஞ்ச மறுநாளு, கிரவுண்டுக்கு வந்து, பயலுவ அத்தன பேருக்கும் முன்னால நின்னு, "இத்தன வருசமா ஒம்ம கையில நம்பிக் குடுத்தேன். இனி எந்தப் பயலுக்கு வந்தாலும் அவன் கையிலதான் குடுப்பேன். அவன் ஆட்டத்துல நின்னாலும் உள்ள வந்து குடுப்பேன்"னாரு.

கோயில்பிள்ளை கழுத்துல தொங்குன விசிலக் கையில புடிச்சாரு. பெறவு சொன்னாரு: "வாரும். நீரு உள்ள வந்தா நான் விசில் ஊதுதேன். ஊதுனா பந்து நிக்கும்."

அன்னையில இருந்து அதுதான் சட்டம். செவப்பு சைக்கிளு கேட்டுக்குள்ள நொழஞ்சா அவரு விசில் ஊதுவாரு. யாரு கால்ல பந்து இருந்தாலும் அங்கனயே நிப்பாட்டணும். ஆவுடையப்பன் நடுக் கிரவுண்டுக்கு வந்து பேரச் சொல்லி வாசிப்பாரு. வாசிச்சு முடிச்சு வெளிய போற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது. வாறதெல்லாம் என்ன? மாமன் வீட்டுக் கலியாணப் பத்திரிக்க. லைப்ரரியில புஸ்தகம் திருப்பிக் குடுக்கலன்னு ஒரு கார்டு. பயலுவளுக்கு எரிச்சல் தாங்கல. கோயில்பிள்ளைக்கு அவனுவளக் காட்டிலும் எரிச்சல். நல்லா ஓடுற ஆட்டம் சப்புன்னு போவும். ஆனா ஒரு நாளு கூட ஊதாம இருந்ததில்ல. பயலுவளோட சர்டிபிகேட்டெல்லாம் ஆளுக்கொரு உறையில போட்டுப் பந்துப் பையில தயாரா வச்சிருந்தாரு.

வருசம் ஓடிச்சு. எப்படியோ அந்த வருசமும் டீமு பைனலுக்கு வந்திருச்சு. போன வருசம் ஜெயிச்ச ஊர்லதான் பைனலு நடக்கணும்கிறது வழக்கம். அதனால இங்க, இதே மணல்ல. கோயில்பிள்ளைக்கு அதுதான் கடைசி வருசம். இந்தத் தடவ ஜெயிச்சா சாக்க அவுத்து அந்தக் கோப்பைய மனசாரத் தொடலாம்னு அவருக்கு ஒரு நெனப்பு. ஊரே வந்து ஒடமரத்தடியில நிக்கி. ஆட்டத்துக்கு முன்ன ரெபிரிட்ட போயி, தபால் வந்தா பந்து நிக்கும்யான்னு சொன்னாரு. ரெபிரி சிரிச்சிட்டு, அப்படி ஒரு சட்டம் புஸ்தகத்துல இல்ல சார்னுட்டாரு.

சைபருக்கு சைபர். நாலு மணியத் தாண்டிப் போச்சு. நம்ம பக்கம் தொம்மைன்னு ஒருத்தன், இடது பக்கம் ஆடுறவன், ரெண்டு பேர ஏமாத்திட்டு உள்ள வந்துட்டான். முன்னால கோல்கீப்பர் மட்டுந்தான். அவனும் கால் தவறி மண்ணுல விழுந்து கெடக்கான். தட்டி விட்டா போதும். பச்சப்புள்ள கூட அடிச்சிரும். கோயில்பிள்ளை எந்திரிச்சிட்டாரு. அப்பப் பாத்து அந்தா, அந்தக் கேட்டுல மணிச் சத்தம். செவப்பு சைக்கிளு.

அவரு கண்ணு சைக்கிளப் பாத்துச்சு, தொம்மையப் பாத்துச்சு. ஒரு நொடி. ஒரு நொடி பிந்தி ஊதியிருந்தா யாரு கேக்கப் போறா. பிந்தி ஊதுறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியும். ஊதிட்டாரு.

நம்ம பயலுவ ஒரு வருசம் பழகுனவனுவ. பதினோரு பேரும் அப்படியே நின்னுட்டான். தொம்மை கோலுக்கு முன்னால பந்து மேல கால வச்சுக்கிட்டு நிக்கான். ரெபிரி ஊதலியே, எதுத்த டீமு நிப்பானா? ஓடி வந்து அவன் கால்ல இருந்து பந்தப் புடுங்கிட்டுப் போயி, நின்னுக்கிட்டு இருக்கிற நம்ம பயலுவ நடுவுல பூந்து கோல் அடிச்சிட்டான். ரெபிரி கோலுன்னு கையக் காட்டிட்டாரு. ஊரு ஏசுன ஏச்ச நான் சொல்ல மாட்டேன். கோயில்பிள்ளை காதுல எல்லாம் விழுந்துச்சு.

ஆவுடையப்பன் அதுக்குள்ள நடுவுக்கு வந்து பேர வாசிச்சாரு. தொம்மைக்கு. உத்தரவு. எங்கெங்கயோ சுத்திட்டு எட்டு நாளு பிந்தி வந்திருக்கு. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள மெட்ராசுல சேரணும். இன்னைக்கு ரயிலப் புடிக்கணும்னா மெயின்ரோட்டு முக்குல நாலே முக்காலுக்கு வாற பஸ்ஸப் புடிக்கணும். முக்கு ரெண்டு மைலு. அப்பவே மணி நாலரை. ஆட்டம் முடியட்டும்னு இருந்திருந்தா அஞ்சே கால். கோயில்பிள்ளை பந்துப் பையக் கவுத்து, தொம்மை பேரு போட்ட உறைய எடுத்து அவன் கையில திணிச்சு, ஓடுலேன்னாரு. பய திகைச்சுப் போயி நிக்கான். ரெண்டு மைலு மணல்ல ஓடி எப்பப் போயிச் சேர.

அப்ப அந்த ஒடமரத்தடியில இருந்து ஒருத்தன் சைக்கிளத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தான். கறுத்துப் போயி, கைலியக் கட்டிக்கிட்டு. யாருன்னு மொதல்ல ஒருத்தருக்கும் மட்டுப்படல. இன்னாசி. ஒரு வருசமா இந்தக் கிரவுண்டுப் பக்கம் தல வச்சுப் படுக்காதவன், மீன் விக்கப் போற போக்குல நின்னு பாத்திருக்கான். கேரியர்ல கூடை நெறைய மீனு. அந்தக் கூடைய ஒரே தள்ளாத் தள்ளி மணல்ல கவுத்துட்டு, "ஏறுல"ன்னான். தொம்மை ஏறிட்டான். இன்னாசி மிதிச்ச மிதியில கேட்டத் தாண்டிப் போயிட்டாவ. கோயில்பிள்ளை பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல அவன்.

பஸ்ஸப் புடிச்சிட்டாவ. இங்க பத்துப் பேர வச்சு ஆடி, இன்னும் ஒரு கோல் வாங்கி, தோத்தாச்சு. தபால் வந்திச்சு, ஆள் போனான், கோப்பை போச்சு. கோயில்பிள்ளை மண்ணுல குத்த வச்சு உக்காந்து, செதறிக் கெடந்த மீன ஒவ்வொண்ணாப் பொறுக்கி, மண்ணத் தட்டிக் கூடையில போட்டுக்கிட்டு இருந்தாராம். ரிட்டயரான பெறவும் சாகுற வரைக்கும் தெனம் நாலு மணிக்கு விசிலோட இங்க வந்து உக்காருவாருன்னு சொல்லுவாவ. அவரு காலத்துக்குப் பெறவு அந்தக் கோப்பை இந்த ஊருக்கு வரவே இல்ல.

தொம்மை கட்டுனதுதான் கீழத்துறையில பன்னெண்டாவது பந்து வீடு. அதுக்கு அடுத்த வீடு இன்னாசி வீடு. அவன் இருக்க வரைக்கும் அது ஓலதான். அவன் கடைசி வரைக்கும் சார்ட்ட பேசல. பேசியிருக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன்.

அதுக்குப் பெறவு எந்த ரெபிரி வந்தாலும், எந்த ஊரு டீமு வந்தாலும் இந்தக் கிரவுண்டுல சட்டம் அதுதான். தபால் வந்தா பந்து நிக்கும். இப்ப யாருக்குத் தபால்ல வேல வருது, எல்லாம் போன்ல வருது, எனக்குத் தெரியாதா. இன்னைக்கு வந்தது என்னன்னு கேக்கியளா? காலேசுக்குக் கரண்டு பில்லு. அதுக்குப் போயி கோலு போச்சுன்னு குதிச்சிட்டு வெளிய வந்துட்டிய.

எந்திரிங்க. பூட்ஸ மாட்டுங்க. தபால்காரரு போயி ரொம்ப நேரமாச்சு. அன்னா பாருங்க, நீங்க விட்டுட்டு வந்த எடத்துலயே, கோலுக்கு முன்னாலயே பந்து கெடக்கு. எங்க பயலுவ பதினோரு பேரும் நின்ன எடத்துலயே நிக்கான், ஒருத்தனும் அதத் தொடல. போயி அடிங்க.